கன்னடத்துக்கு அகராதி தந்த ஜெர்மன் பாதிரியார்

பெங்களூரில் வந்து குடியேறும் தமிழருக்கு முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும். பாலுக்கு இங்கே ஹாலு. பூவுக்கு ஹூவு. புலிக்கு ஹுலி. பத்துக்கு ஹத்து. திருச்சிராப்பள்ளியில் இருக்கும் 'பள்ளி'தான் இங்கே மாரத்தஹள்ளியிலும் பொம்மனஹள்ளியிலும் 'ஹள்ளி' என்று நிற்கிறது.

தமிழில் 'ப' என்று தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆனது எப்படி? பழைய கன்னடத்தில் இவை எப்படி இருந்தன? இப்படிக் கேட்பவர்களுக்கு விடை சொல்ல ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. அது 1894-ம் ஆண்டு மங்களூரில் அச்சிடப்பட்டது. மொத்தம் 1,752 பக்கங்கள். சுமார் 70,000 சொற்கள். கன்னடச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி அது.

அதைத் தொகுத்தவர் கன்னடர் அல்லர், இந்தியரும் அல்லர். ஜெர்மனியிலிருந்து மதப்பிரசாரத்துக்காக வந்த பாதிரியார். பெயர் ஃபெர்டினாண்டு கிட்டெல்.

எந்த வேலைக்காக அனுப்பப்பட்டாரோ, அந்த வேலையில் அவர் பெரிய பெயர் எடுக்கவில்லை. அவரை அனுப்பிய மிஷனே அவரை ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்தது. ஆனால் எந்த மக்களை மதம் மாற்ற வந்தாரோ, அந்த மக்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள். பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் அந்தச் சிலை எழுப்பப்பட்டது.

இந்தியாவில் புராட்டஸ்டண்டு சபைகள் செய்த வேலையின் இரண்டு பக்கங்களையும் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் காணலாம்.

பாதிரியாரின் மகன்

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், கடலோரமாக, கிழக்கு ஃப்ரீஸ்லாந்து என்ற பகுதி இருக்கிறது. அங்கே ரெஸ்டர்ஹாஃபே என்ற சிற்றூரில் 1832-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி கிட்டெல் பிறந்தார். தந்தை அந்த ஊர்ச் சபையின் பாதிரியார். கிட்டெல்தான் மூத்த பிள்ளை.

வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை. பள்ளியில் கிரேக்கம், லத்தீன் முதலிய பழைய மொழிகளைக் கற்றார். மொழிகள் அவருக்கு எளிதாக வந்தன.

1850-ம் ஆண்டு, தம் 18-வது வயதில், சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரத்தில் இருந்த மிஷன் பயிற்சிப் பள்ளியில் அவர் சேர்ந்தார். 1815-ல் தொடங்கப்பட்ட அந்த அமைப்புக்கு பாசல் மிஷன் என்று பெயர். ஜெர்மனியின் தெற்கே உள்ள வுர்ட்டம்பர்க் பகுதி மக்கள்தான் அதற்குப் பெரும் ஆதரவு. அங்கே சேர்ந்த இளைஞர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், தச்சர்கள், நெசவாளர்கள் இவர்களின் பிள்ளைகள். பக்தியும் உழைப்பும் கட்டுப்பாடும் அவர்களுடைய சொத்து. இவர்கள் நடுவில், வடக்கிலிருந்து வந்த, நன்கு படித்த கிட்டெல் தொடக்கத்திலேயே சற்று வேறுபட்டவராகத் தெரிந்தார்.

புராட்டஸ்டண்டு சமயத்தின் அடிப்படையான கொள்கை ஒன்று உண்டு. வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படித்தறிய வேண்டும். அதுவும் தமது தாய்மொழியில் படிக்க வேண்டும் என்பதே அது. இந்தக் கொள்கையை ஏற்றால் பல வேலைகள் வரிசையாக வந்து சேரும். வேதத்தை மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்க்க இலக்கணமும் அகராதியும் வேண்டும். அச்சிட அச்சகம் வேண்டும். படிக்க ஆள் வேண்டுமே, அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும். தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் செய்ததும் இதே வரிசைதான்.

கன்னட நாட்டில் இந்த வேலையில் முந்திக்கொண்டவர்கள் பெல்லாரியில் இருந்த லண்டன் மிஷனார். 1831-ல் கன்னட பைபிள் முழுவதும் வெளியாகிவிட்டது. அந்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ரீவ் என்பவர் தொகுத்த கன்னட - ஆங்கில அகராதி 1832-ல் சென்னையில் வெளிவந்தது. கிட்டெல் பிறந்ததும் அதே ஆண்டில்தான்!

மங்களூரில் கண்டது

பிரிட்டிஷார் அல்லாத மிஷன்களும் இந்தியாவில் வேலை செய்யலாம் என்று 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே பாசல் மிஷனைச் சேர்ந்த மூவர் கள்ளிக்கோட்டையில் கப்பலை விட்டு இறங்கி மங்களூருக்கு வந்து சேர்ந்தார்கள். கிட்டெல் இந்தியா வந்தது 1853-ல். அப்போது அவருக்கு வயது 21.

அதற்குள் மங்களூரில் மிஷன் வேரூன்றிவிட்டது. 1841-ல் கல்லச்சு முறையில் ஓர் அச்சகம் தொடங்கியிருந்தார்கள். அந்த அச்சகத்திலிருந்து 1843-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி 'மங்களூர சமாசார' என்ற பத்திரிகை வந்தது. கன்னடத்தின் முதல் பத்திரிகை அதுவே. அதை நடத்தியவர் ஹெர்மன் மோக்ளிங் என்ற பாதிரியார்.

மோக்ளிங் அத்துடன் நிற்கவில்லை. கன்னடத்தின் பழைய இலக்கியங்கள் ஓலைச்சுவடிகளில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து வரிசையாக அச்சிட்டார். ஜைமினி பாரதம், பசவ புராணம், ஹரிதாசர்களின் கீர்த்தனைகள் எல்லாம் அந்த வரிசையில் வெளிவந்தன. நீலகிரியில் வாழ்ந்த காஸமேஜர் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய நீதிபதி அதற்குப் பண உதவி செய்தார்.

விஷ்ணு பக்திப் பாடல்களையும் வீரசைவ புராணத்தையும் கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவர், மிஷன் அச்சகத்தில் அச்சிட்டது விந்தையாகத் தோன்றும். காரணம் இருந்தது. மக்கள் எதைப் பாடுகிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று தெரியாமல் அவர்களிடம் பேச முடியாது என்பது மோக்ளிங்கின் எண்ணம். புதிதாக வரும் பாதிரியார்கள் நல்ல கன்னடம் கற்கவும் நூல்கள் தேவைப்பட்டன. நோக்கம் மிஷனுடையது, பலன் கன்னடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கிட்டெல் மனத்தில் இந்த வேலை ஆழமாகப் பதிந்தது.

கன்னடராக வாழ ஆசை

எந்த மக்களிடம் போகிறோமோ அந்த மக்களைப் போலவே ஆகிவிட வேண்டும் என்பது புனித பவுலின் வழி. கிட்டெல் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். கன்னடருக்குக் கன்னடராக வாழ விரும்பினார். மங்களூர், மடிக்கேரி, தார்வார் ஆகிய ஊர்களில் வேலை பார்த்தார். மொழியோடு மக்களின் பழக்க வழக்கங்களையும் பாட்டுகளையும் கற்றார்.

இது மிஷன் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. ஊழியர் என்றால் மிஷன் பங்களாவில் தங்கி, குறித்த நேரத்தில் ஜெபம் நடத்தி, பள்ளியை மேற்பார்த்து, கணக்கு எழுதி, ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கண்ட ஒழுங்கு. மதம் மாறியவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அறிக்கையில் வந்தாக வேண்டும். சொற்களுக்கு வேர் தேடுவதும் பாட்டின் சந்தத்தை ஆராய்வதும் அந்த அறிக்கையில் எந்தப் பத்தியிலும் அடங்கவில்லை.

கிட்டெல் வட ஜெர்மானியர், படிப்பாளி என்பதால் ஏற்கனவே இருந்த இடைவெளி மேலும் அகன்றது. முக்கிய நிலையங்களிலிருந்து அவரை விலக்கி நீலகிரி மலைக்கு அனுப்பினார்கள். பிறகு மங்களூர் அச்சக வேலையில் கட்டிப்போட்டார்கள். தண்டனை என்று யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் அது ஓரங்கட்டுதல்தான்.

கிட்டெல் மிஷனை விட்டு ஓடவில்லை. எதிர்த்து ஒரு கட்சி சேர்க்கவும் இல்லை. கிடைத்த இடத்திலிருந்து கன்னடத்தைப் படித்துக்கொண்டே இருந்தார்.

சொந்த வாழ்விலும் துயரம் நேர்ந்தது. 1860-ல் பவுலினா என்ற பெண்மணியை மணந்தார். சில ஆண்டுகளுக்குள் அவர் இறந்துவிட்டார். பின்னர் அவருடைய தங்கை ஜூலியை கிட்டெல் இரண்டாம் தாரமாக மணந்துகொண்டார்.

ஓடும் துணியும்

அந்தக் காலத்தில் மிஷனின் கவனம் முழுவதும் வேறொரு பெரிய சிக்கலில் இருந்தது. மதம் மாறியவர்களுக்குப் பிழைப்பு வேண்டும்!

தென் கன்னட மாவட்டத்தில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பில்லவர்கள். கள் இறக்குவது அவர்களில் பலருக்குத் தொழில். சபையில் சேர்ந்தால் அந்தத் தொழிலை விட வேண்டும். பரம்பரையாகச் செய்துவந்த பூத வழிபாட்டையும் விட வேண்டும். விட்டவுடன் சாதிக் கட்டு அவர்களை வெளியே தள்ளியது. நிலமும் வீடும் பறிபோயின.

மேல்சாதியிலிருந்து வந்தவர்களுக்கும் துன்பம் உண்டு. 1844-ல் ஆனந்தராவ் கவுண்டின்யர் என்ற சாரஸ்வத பிராமண இளைஞர் மங்களூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஊரே கொந்தளித்தது. அவர் பின்னாளில் பாசல் நகருக்குச் சென்று படித்துத் திரும்பி மிஷன் ஊழியரானார்.

தெருவில் நின்றவர்களுக்கு வேலை கொடுக்க மிஷன் தொழிற்சாலைகளைத் தொடங்கியது. நெசவாலையை ஹாலர் என்பவர் 1851-ல் ஏற்றுக் கட்டினார். இன்று உலகம் முழுவதும் போலீசாரும் ராணுவத்தாரும் அணியும் காக்கி நிறச் சாயம் அந்த நெசவாலையில்தான் உருவானது என்று கூறப்படுகிறது. 1865-ல் மங்களூர் ஜெப்புவில், நேத்ராவதி ஆற்றின் கரையில், பிளேப்ஸ்ட் என்பவர் ஓட்டுத் தொழிற்சாலை அமைத்தார். ஆற்றுக் களிமண்ணை இயந்திரத்தில் அழுத்திச் சுட்ட அந்தச் சிவப்பு ஓடுதான் மங்களூர் ஓடு. உள்ளூர் முதலாளிகளும் அந்தத் தொழிலில் இறங்கினார்கள். கூரை வேய்ந்த வீடுகளும் நாட்டு ஓட்டு வீடுகளும் மேற்குக் கடற்கரை நெடுகிலும் உருமாறின.

வெவ்வேறு சாதியிலிருந்து வந்தவர்கள் ஒரே கொட்டகையில் அருகருகே நின்று வேலை செய்தார்கள். மணியடித்தால் வேலை, மணியடித்தால் கூலி என்ற பழக்கம் அங்கே வந்தது. பெண்களுக்கும் கூலி வேலை கிடைத்தது. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்.

ஆனால் மறுபக்கமும் இருந்தது. வேலை கொடுப்பதும் மிஷன். குடியிருக்கும் வீடும் மிஷனுடையது. பிள்ளை படிக்கும் பள்ளியும் மிஷன் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை போகும் கோயிலும் மிஷன் கோயில். ஒருவர் முதலாளியிடம் முறைத்துக்கொண்டால் பாதிரியாரிடமும் முறைத்துக்கொண்டதாக ஆகும். சாதியின் பிடியிலிருந்து விடுபட்டவர்கள் வேறொரு பிடியில் போய்ச் சேர்ந்தார்கள் என்ற குறை அன்றே எழுந்தது.

இப்படித் தொழிற்சாலையும் கணக்கும் வளர்ந்த ஒரு நிறுவனத்தில், ஓலைச்சுவடியும் கையுமாக இருந்த கிட்டெலை எந்த இடத்தில் வைப்பது என்று மேலிடத்துக்குத் தெரியவில்லை.

யாப்பும் இலக்கணமும்

1862-ல் கிட்டெல் 'கதாமாலை' என்ற நூலை வெளியிட்டார். ஏசுநாதரின் வாழ்க்கையைக் கன்னடச் செய்யுளில் பாடிய நூல் அது. உரைநடையில் எழுதியிருக்கலாம். ஜெர்மன் கீர்த்தனை மெட்டில் எழுதியிருக்கலாம். அவர் நாடியது நாட்டு யாப்பை. கன்னட மக்கள் கதை கேட்பது பாட்டில்தான் என்பதை அவர் கண்டிருந்தார்.

அந்த யாப்பைத் தேடிப் போனவர் பழைய இலக்கண நூல்களிடம் வந்து சேர்ந்தார். 13-ம் நூற்றாண்டில் கேசிராஜர் இயற்றிய 'சப்தமணி தர்ப்பணம்' கன்னடத்தின் சிறந்த இலக்கண நூல். நம் நன்னூலைப் போலக் கன்னடப் புலவர்கள் போற்றுவது. பல சுவடிகளை ஒப்பிட்டு, பழைய உரையுடன் 1872-ல் அதைப் பதிப்பித்தார். 10-ம் நூற்றாண்டில் நாகவர்மர் இயற்றிய 'சந்தோம்புதி' என்ற யாப்பு நூலை 1875-ல் பதிப்பித்தார்.

கேசிராஜர் நூலில் தமிழருக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. தமிழின் சிறப்பெழுத்தான 'ழ' பழைய கன்னடத்திலும் இருந்தது. ஏழு என்பது அங்கேயும் ஏழுதான், கோழியும் கோழிதான். ஆனால் கேசிராஜர் காலத்திலேயே மக்கள் அதை மறக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்தச் சொற்களில் 'ழ' வரும் என்று அவர் ஒரு பட்டியலே கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் அந்த எழுத்து வழக்கொழிந்தது. ஏழு ஏளு ஆனது; கோழி கோளி ஆனது. தொலைந்துபோன அந்த எழுத்தின் வரலாறு தெரியாமல் கன்னடச் சொல்லின் வேரைக் காண முடியாது என்பதைக் கிட்டெல் உணர்ந்தார்.

மதப்பிரசாரத்தையும் அவர் கைவிட்டுவிடவில்லை. வேதங்களில் சொல்லப்படும் யாகங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். லிங்க வழிபாட்டின் தோற்றம் பற்றி 1876-ல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். இவற்றில் அவர் நடுநிலை ஆராய்ச்சியாளர் மட்டும் அல்லர். தம் சமயமே உண்மை என்று நம்பிய பாதிரியாரும்தான். இந்து சமயத்தவர் அவருடைய முடிவுகளை ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் எதை மறுத்தாரோ அதை மூல நூலிலேயே படித்துவிட்டு மறுத்தார்.

1877-ல் அவர் ஜெர்மனிக்குத் திரும்பினார்.

அகராதி

அத்துடன் கதை முடிந்திருக்கலாம். 24 ஆண்டுகள் வெப்ப நாட்டில் உழைத்தவர் ஏதாவது ஒரு கிராமச் சபையில் பாதிரியாராக இருந்து காலத்தைக் கழித்திருக்கலாம். கிட்டெல் 1883-ல், தம் 51-வது வயதில், மீண்டும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அகராதியை முடிப்பதற்காக வந்தார்.

ரீவ் தொகுத்த அகராதியை வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த சாண்டர்சன் திருத்தி 1858-ல் பெங்களூரில் வெளியிட்டிருந்தார். அன்றாட வேலைக்கு அது போதும். ஆனால் பழைய கன்னடக் காவியங்களைப் படிக்க அது உதவாது. சமஸ்கிருதச் சொற்கள் அதில் நிரம்பியிருந்தன. சொந்தக் கன்னடச் சொற்கள் பல விடுபட்டிருந்தன. ஒரு சொல் எங்கிருந்து வந்தது, முன்பு எப்படி இருந்தது என்ற விவரமும் இல்லை.

கிட்டெல் வேறு வழியில் போனார். பழைய கன்னடம், இடைக்காலக் கன்னடம், இக்காலக் கன்னடம் மூன்றையும் ஒரே நூலில் சேர்த்தார். இலக்கண நூல்களிலிருந்தும் காவியங்களிலிருந்தும் சான்று காட்டினார். புலவர் ஏட்டில் மட்டும் தேடாமல் மக்கள் வாயிலும் தேடினார். கன்னடப் பழமொழிகள் ஏராளமாக அதில் இடம்பெற்றன. உழவர் சொல், வீட்டுச் சொல், சந்தைச் சொல் எல்லாம் காவியச் சொல்லோடு ஒரே வரிசையில் அமர்ந்தன. கன்னட அறிஞர்கள் பலர் அருகிருந்து உதவினார்கள். அவர்கள் துணை இல்லாமல் தனி ஒருவரால் முடிகிற வேலை அல்ல அது.

ஹாலு என்ற சொல்லைப் புரட்டினால் பால் என்ற பழைய வடிவத்தை அங்கே காணலாம். ஹள்ளியைத் தேடினால் பள்ளிக்கு வழிகாட்டும். தமிழ், தெலுங்கு, மலையாளம், துளு மொழிகளில் அதே சொல் எப்படி வழங்குகிறது என்பதையும் தருவார். சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல்லா, அப்படி வந்து திரிந்த சொல்லா, நாட்டுச் சொல்லா என்று பிரித்தும் காட்டுவார்.

1856-ல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டிருந்தார். 1872-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் குண்டர்ட்டின் மலையாள அகராதி வெளிவந்திருந்தது. மூவரும் புராட்டஸ்டண்டு மிஷனரிகள். சமஸ்கிருதத்திலிருந்துதான் எல்லாம் வந்தது என்று படித்தவர்கள் எண்ணிய காலம் அது. திராவிட மொழிகளிலிருந்து சமஸ்கிருதத்துக்குப் போன சொற்களும் உண்டு என்று குண்டர்ட் எழுதினார். கிட்டெலும் எழுதினார். அகராதியின் முன்னுரையில் அப்படிப்பட்ட சொற்களுக்கு நீண்ட பட்டியலே கொடுத்தார். அதில் உள்ள எல்லாச் சொற்களையும் இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருந்தது என்ற கருத்து நிலைத்துவிட்டது.

அகராதி வேலை தொடங்கும்போது அது மிஷனுக்கு ஒரு கருவி. வேதத்தை நன்றாக மொழிபெயர்க்க, நன்றாகப் பிரசங்கம் செய்ய உதவும் கருவி. முடியும்போது கிட்டெலுக்கு அதுவே வாழ்வின் நோக்கமாகிவிட்டது. 1892-ல் அவர் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1894-ல் மங்களூரில், மிஷனின் சொந்த அச்சகத்தில், அகராதி வெளிவந்தது.

பிரிந்து கிடந்த மக்களுக்கு ஒரே நூல்

1894-ல் கர்நாடகம் என்று ஒரு மாநிலம் இல்லை. மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. தார்வாரும் பிஜப்பூரும் பம்பாய் மாகாணத்தில். மங்களூரும் பெல்லாரியும் சென்னை மாகாணத்தில். ராய்ச்சூரும் குல்பர்காவும் ஹைதராபாத் நிஜாமிடம். குடகு தனியாக ஒரு கமிஷனரிடம்.

வடக்கே பள்ளியிலும் கச்சேரியிலும் மராத்தியின் செல்வாக்கு. நிஜாம் பகுதியில் உருது. ஒரு பகுதியில் பேசும் கன்னடம் இன்னொரு பகுதிக்காரருக்கு அந்நியமாகத் தோன்றிய நிலை. நாமெல்லாரும் ஒரே மொழிக்காரர் என்று சொல்வதற்கு வரைபடத்தில் ஆதாரம் இல்லை.

கிட்டெல் தங்கி வேலை செய்த தார்வாரில் 1890-ல் கர்நாடக வித்யாவர்தக சங்கம் தோன்றியது. கன்னடத்தை வளர்க்க வேண்டும், சிதறிய கன்னடரை ஒன்றாக்க வேண்டும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே அரும்பிய நேரம். அந்த நேரத்தில் எல்லைகளைப் பாராமல் எல்லாப் பகுதிக் கன்னடத்தையும், எல்லா நூற்றாண்டுக் கன்னடத்தையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்த நூல் வந்து சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் தேதி கன்னட மாநிலம் ஒன்றுபட்டது. அதைச் சாதித்தவர்கள் கன்னடத் தலைவர்களும் கன்னட மக்களும்தான். ஆனால் அதற்கு 62 ஆண்டுகள் முன்பே அகராதியில் கன்னட நாடு ஒன்றாகிவிட்டது!

கடைசி ஆண்டுகள்

1896-ல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துப் பாராட்டியது. மிஷன் மேலிடம் வீண் வேலை என்று எண்ணிய வேலைக்குப் படிப்பாளிகள் தந்த மரியாதை அது.

அவர் ஓய்வு கொள்ளவில்லை. டூபிங்கனில் இருந்தபடியே கன்னட மொழிக்கு விரிவான இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். பழையது, இடைக்காலம், இக்காலம் என்ற மூன்று நிலைக் கன்னடத்துக்கும் சேர்த்து எழுதிய இலக்கணம். அது 1903-ல் மங்களூரில் வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் மாதம் டூபிங்கனில் கிட்டெல் காலமானார். வயது 71.

எஞ்சியது என்ன?

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியப் பாதிரியார்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். அவர்களைக் காவலில் வைத்துப் பின்னர் நாட்டை விட்டு அனுப்பினார்கள். ஓட்டுத் தொழிற்சாலைகளும் நெசவாலைகளும் மிஷன் கையை விட்டுப் போயின. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பாசல் மிஷன் வளர்த்த மலையாள, தென் கன்னடச் சபைகள் அதில் இணைந்தன. மிஷன் கட்டிய நிறுவனத்தின் பிடி தளர்ந்தது.

ஆனால் அகராதிக்கு வயதாகவில்லை. பர்ரோ, எமனோ என்ற இரு அறிஞர்கள் 1961-ல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டபோது, கன்னடத்துக்கு அவர்களுடைய முக்கிய ஆதாரம் கிட்டெலின் அகராதிதான். சென்னைப் பல்கலைக் கழகம் 1968 முதல் 1971 வரை அதை விரிவாக்கி நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. மரியப்ப பட் அந்தப் பணியைச் செய்தார். கன்னடத்தின் மிகப் பெரிய அகராதி தமிழ்நாட்டுத் தலைநகரில் மறுபிறவி எடுத்தது இரு மொழியினரும் மகிழ வேண்டிய செய்தி.

கன்னட சாகித்ய பரிஷத்து கன்னடத்துக்குக் கன்னடத்திலேயே பொருள் கூறும் பேரகராதியை 1944-ல் தொடங்கி, 1995-ல் எட்டாவது தொகுதியுடன் முடித்தது. ஓர் அமைப்பும் பல அறிஞர்களும் சேர்ந்து அரை நூற்றாண்டு உழைக்க வேண்டியிருந்தது. கிட்டெல் எத்தனை பெரிய மலையில் ஏறினார் என்பது அதிலிருந்து விளங்கும்.

தார்வாரில் அவர் பெயரால் கல்லூரி இருக்கிறது. பெங்களூரில் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்ற பெயர் வைத்தார்கள்.

மிஷன்கள் இந்த நாட்டுக்கு நன்மை செய்தனவா, தீமை செய்தனவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. குடும்பங்கள் பிரிந்த கதையும் உண்டு. தாழ்த்தப்பட்டவர் தலை நிமிர்ந்த கதையும் உண்டு. கிட்டெல் வாழ்க்கை அந்த வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. தாய்மொழியில் வேதம் படிக்கவேண்டும் என்ற ஒரு கொள்கை எங்கெங்கோ கிளை விட்டதை அது காட்டுகிறது. வேதத்துக்காக வந்த அச்சகம் செய்திப் பத்திரிகை அச்சிட்டது. பக்திப் பாடல் அச்சிட்டது. கடைசியில் ஒரு மொழியின் சொற்கள் முழுவதையும் அச்சிட்டது.

கிட்டெல் எத்தனை பேரை மதம் மாற்றினார் என்று இன்று எவரும் கேட்பதில்லை. கன்னடச் சொல் ஒன்றுக்குப் பொருள் தெரியாதபோது, எந்த மதத்தவரானாலும், அவருடைய அகராதியைத்தான் எடுத்துப் புரட்டுகிறார்கள்.